முப்பத்தொரு மீன்களும் முதலாளியின் மாமியாரும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. "நாள் பூரா அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு வர்றேன், வீட்லயாவது காது சும்மா இருக்க வேணாமா?" என்பார். அந்தக் காது எங்கே சும்மா இருந்தது? யார் வீட்டுக்குப் போனாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றுவிடுவார். கொடுத்த காபி ஆறிப்போகும். "உங்க ஃபிரிட்ஜ் முனகுது, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். என் மானம் கப்பலேறும். ஒரு மாதம் கழித்து அந்த ஃபிரிட்ஜ் மண்டையைப் போட்டதும் அந்த வீட்டுக்காரர்களே போன் செய்து, அவரை ஒரு நடை வரச் சொல்லுங்கள் என்பார்கள்.

பேச்சு குறைவு. பேசினால் அதில் ஒரு நட்டாவது இருக்கும். இருபத்திரண்டு வருஷம் ஒரே கட்டடம், பதினோரு மாடி, மூன்று லிஃப்ட். "உனக்குப் புள்ளைங்க இல்லாத குறைய அந்த மூணும் தீத்து வெச்சிருச்சு" என்று என் நாத்தனார் அவரிடம் சொல்வார். நாத்தனார் அவருக்கு மூத்தவர், எங்கள் கீழ்வீட்டில் இருக்கிறார். எதைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருப்பார், அதைச் சொல்ல எத்தனை படி வேண்டுமானாலும் ஏறுவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் வந்து சேரும் அறையில் எனக்கு வேலை. கழுவி, மருந்தில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, துணியில் பொட்டலம் கட்டி அனுப்புவோம். பதினெட்டு வருஷத்தில் என் கை பட்டுப் போன பொட்டலத்தால் ஒருவருக்கும் புண் சீழ் வைத்ததில்லை. அந்தப் பெருமை வேலையோடு நிற்காது, கூடவே வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டில் கத்தரிக்காயும் செருப்பும் ஒரே மாதிரி பளபளக்கும். "உன் கையில இருந்து தப்பிச்சது நான் மட்டும்தான்" என்பார் அவர். அதுவும் பொய். அவரையும் விரட்டி விரட்டித்தான் குளிக்க வைத்திருக்கிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் முதலாளியின் மாமியார் வந்து சிக்கினார். நிஜமாகவே சிக்கினார், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில், இரண்டே முக்கால் மணி நேரம். பிரேக் கோளாறு. அந்த அம்மாவுக்கு ஒரு கீறல் இல்லை. உள்ளே காற்று இருந்தது, விளக்கு இருந்தது, கையில் பெரிய பையொன்று இருந்ததால் உட்கார்ந்துகொள்ளவும் வசதி இருந்ததாம். வேறு யார் சிக்கியிருந்தாலும் ஒரு குளிர்பானத்தோடு சமாதானமாகிப் போயிருக்கும். மாமியார் ஆயிற்றே. மருமகப்பிள்ளை தன் மரியாதையைக் காட்ட ஒரு தலை கேட்டார். என் வீட்டுக்காரர் தலைதான் கைக்கு எட்டியது.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வாரம் ஒருநாள், புதன்கிழமை, ஆபீசுக்குப் போய் வருகைப் பதிவில் பேரை எழுதிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு கடிதத்தையும் டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். ‘என் கவனக்குறைவே இதற்குக் காரணம்’ என்று அதில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டால் சத்தமில்லாமல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் உரிமம் போய்விடும், அதற்குப் பிறகு எந்த ஊரிலும் எந்த லிஃப்டிலும் அவர் கை வைக்க முடியாது. போடாவிட்டால் விசாரணை. முடிவு சொல்ல நாலு மாதம் தவணை.

"போடவே போடாதீங்க" என்றேன் அன்றைக்கே.

"அந்த பிரேக் நட்ட அந்த மாசம் நான் முறுக்குனேனான்னு ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார்.

மாசாமாசம் முறுக்குகிற நட்டு. வழக்கமாகச் செய்வதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? போன செவ்வாய்க்கிழமை பல் தேய்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்ன? இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாப்பிடும்போதும் அவர் வலது கை தானாக நட்டு முறுக்குவது போலத் திரும்பும், பாதியில் நின்றுவிடும்.

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று மொட்டை மாடியில் மீன் வளர்க்க ஆரம்பித்தார். வெறும் மீன் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்நூறு லிட்டர் நீலத் தொட்டியில் மீன். அந்தத் தண்ணீரைப் பம்பு இழுத்து, ஒரு டிரம் வழியாக, ஜல்லி நிரப்பிய தட்டுகளுக்கு ஏற்றும். ஜல்லியில் மண்ணே இல்லாமல் கீரையும் தக்காளியும் வளரும். மீனின் கழிவுதான் செடிக்குச் சாப்பாடு. செடி உறிஞ்சியது போக மிச்சத் தண்ணீர் மறுபடி மீனிடமே வடியும். மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும்தான் அவருக்குத் தெரிந்த தொழில், இங்கேயும் அதையே பிடித்துக்கொண்டார். நடுவில் இருந்த டிரம்முக்குள் பாட்டில் மூடிகள். கடை கடையாக அலைந்து பொறுக்கிய இரண்டாயிரம் மூடிகளை வலைப்பைகளில் கட்டி அடுக்கியிருந்தார். எவன் எவன் வாய் வைத்த பாட்டிலோ, கடவுளுக்கே வெளிச்சம்.

எல்லாம் வீடியோ பார்த்துச் செய்ததுதான். ஒரு மாதம் தண்ணீரை ஓடவிட்டுத் தயார் செய்துவிட்டு, நாற்பது ஜிலேபி மீன் குஞ்சுகளை வாங்கி விட்டார். "இந்த டிரம்ம மட்டும் ஆறு மாசத்துக்கு யாரும் திறக்கக் கூடாதுன்னு வீடியோல சொல்றாங்க" என்று என்னிடம் சொன்னார். அவருக்கு விதி என்றால் விதிதான், அந்த மூடியின் பக்கம் அவர் கை போகவே போகாது. ஆண்பிள்ளைகளுக்குக் கழுவச் சோம்பலாக இருந்தால் அதற்கென்று ஒரு விதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் எல்லாம் ஜோராகப் போனது. மீன் வளர்ந்தது, கீரை வளர்ந்தது, அவர் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் ஓடியது. காலையில் நான் எழுப்பாமலேயே எழுந்தார்.

நாலாவது வாரம் புதன்கிழமை, அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். எனக்கும் அன்றுதான் வார விடுமுறை. துணி காயப்போட மாடிக்குப் போனவள் அந்த டிரம்மைத் திறந்து பார்த்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. மூடிகளெல்லாம் பழுப்பேறி, கோழை பூசிய மாதிரி வழவழவென்று இருந்தன. இந்தத் தண்ணீரிலா அதுகள் மூச்சு விடுகின்றன, இந்தக் கீரையையா நாங்கள் தின்றோம்? அவரிடம் சொன்னால் மனசு கஷ்டப்படும். வேலை போகிற நேரத்தில் அவருக்காக என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை, இதையாவது செய்வோம் என்று தோன்றியது. அத்தனை பைகளையும் எடுத்து, குழாயடியில் அலசு அலசென்று அலசி, வெயிலில் காயவைத்து, எடுத்த வரிசையிலேயே அடுக்கி மூடிவிட்டேன். அவர் வந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு மீன் மல்லாந்தது.

உயிர் என்றால் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும் என்று இருவருமே விட்டுவிட்டோம். அடுத்த புதனும் அலசினேன், அந்த வாரம் இரண்டு போயிற்று. சரிதான், அழுக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை என்று முடிவுகட்டினேன். என் பிழைப்பே அதுதானே, நோய் என்றால் கிருமி, கிருமி என்றால் கழுவு. மூன்றாம் புதன்கிழமை பிளீச்சிங் தூள் கரைத்து மூடிகளை ஊறவைத்தேன், அந்த வாரம் மூன்று. நாலாவது வாரம் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்தேன், நாலு. அதற்குப் பிறகு கொதிக்கவைத்து, ஊறவைத்து, மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். ஆபரேஷன் தியேட்டருக்கே அனுப்பலாம், அப்படி இருந்தன மூடிகள். செத்த மீன் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறிக்கொண்டே போனது.

அவர் தன் பங்குக்குத் துப்பு துலக்கினார். முதலில் கரன்ட் கசிகிறதோ என்று சந்தேகம். டெஸ்டரும் கையுமாகத் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். "மீனு போறது பத்தாதுன்னு நீங்களும் போறீங்களா?" என்று கத்தி அவரை வெளியே ஏற்றினேன். பிறகு பித்தளைக் குழாய் மேல் சந்தேகம், அதைக் கழற்றிப் பிளாஸ்டிக் போட்டார். பிறகு குழாய்த் தண்ணீரில் கலக்கும் மருந்து மேல் சந்தேகம், இரண்டு நாள் வெளியில் வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று வீட்டில் இருந்த வாளியையெல்லாம் நிரப்பிவிட்டார். நான் சொம்பில் குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். டிரம்மை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே.

நாத்தனார் ஒவ்வொரு சாவுக்கும் தவறாமல் படியேறி வந்தார். "அதுங்களுக்கும் வீட்டு நெலம தெரியுமில்ல தம்பி, ஏங்கிப் போயிருக்கும்" என்றார் ஒருநாள். இன்னொரு நாள், "இத்தனையும் குழி தோண்டிப் புதைக்கறதுக்கு, உசுரோட இருக்கறப்பவே வறுத்திருந்தா ஆளுக்கு ரெண்டு வந்திருக்கும்" என்றார். நல்ல மனசு, ஆனால் எதை எப்போது சொல்வது என்று மட்டும் தெரியாது.

"அண்ணி, கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க" என்றேன்.

"நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் ஒரு நோட்டைத் திறந்து தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

எந்த நாள் எத்தனை செத்தது என்று எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதிவந்தார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அதை என் முன்னால் நீட்டினார். முப்பத்தொன்று. மிச்சம் ஒன்பது.

"எல்லாம் வியாழன், வெள்ளி, சனிதான். நான் ஆபீஸ் போயிட்டு வந்த அப்புறம்தான் சாகுது" என்றார். "எல்லாத்தையும் பாத்துட்டேன். மிச்சம் இருக்கறது நான்தான். ஒரு தொட்டித் தண்ணிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, லிஃப்ட மட்டும் ஒழுங்கா வெச்சிருந்தேன்னு எந்த வாயால சொல்றது? புதன்கிழமை கையெழுத்துப் போட்டுடறேன்."

நாலு மாதத் தவணை அந்தப் புதனோடு முடிகிறது. எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. "மீனு செத்தா அதுக்கு நீங்க பொறுப்பா? மீனுக்குப் பொறந்ததுல இருந்து சாகத்தான் தெரியும்" என்று என்னென்னவோ உளறினேன். அவர் நோட்டை மூடிவிட்டுக் கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரோடு வண்ணமீன் கடைக்குப் போனேன். எப்படியாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அவர் மூஞ்சியில் அடிக்க வேண்டும், வேறொன்றும் என் மனசில் இல்லை. கடைக்காரருக்கு நாற்பது வயசிருக்கும். சட்டைக் கை முழங்கை வரை ஈரம், நகம் முழுக்கப் பாசி. என் கண் அந்த நகத்திலேயே நின்றது. அவர் என் தண்ணீரைச் சின்னக் குழாயில் ஊற்றி, இரண்டு மருந்தைச் சொட்டினார். மஞ்சளாக இருந்த தண்ணீர் கரும்பச்சையானது.

"அமோனியாதான்க்கா. மீனோட மூத்திரம் அப்படியே தங்கியிருக்கு, அதுலதான் வெந்து சாகுது" என்றார். "ஃபில்டர் இருக்கா?"

"இருக்கு தம்பி. ஒரு டிரம்மு, உள்ள பாட்டில் மூடி."

"மூடியெல்லாம் பழுப்பா வழவழன்னு இருக்குதா?"

"சேச்சே, வெள்ளை வெளேர்னு இருக்கு" என்றேன், பெருமையாக.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அந்த வழவழப்புதான்க்கா அதுங்களுக்கு உசுரே. அது பூரா கிருமி, நல்ல கிருமி. அதுதான் மீன் கழிவ செடிக்கு உரமா மாத்துது. அது இல்லன்னா மீனு தன் விஷத்துலயே சாகும். வீட்ல யாராவது கழுவுறாங்களா?"

"தெரியலையே" என்றேன். பதினெட்டு வருஷம் கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவள் வேறென்ன சொல்வாள்?

அவர் தன் பழைய தொட்டியிலிருந்து கறுத்துப்போன பஞ்சு ஒன்றைப் பிழிந்து பையில் போட்டுக் கொடுத்தார். இதை அந்த டிரம்மில் போடுங்கள், கிருமி பரவிக்கொள்ளும், தண்ணீரில் பாதியை மாற்றுங்கள், மருந்து, கழுவல் என்று எதுவும் செய்யாதீர்கள் என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அழுக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதையும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. பேசாமல் இதை டிரம்மில் போட்டுவிட்டுக் கழுவுவதை நிறுத்தினால் போதும். மீன் பிழைத்துக்கொள்ளும். நான் செய்ததும் யாருக்கும் தெரியாது. அவர் சொன்ன விதியை மதிக்காமல், அவர் ஆசையாக வளர்த்ததை வாரா வாரம் கொன்றவள் என்ற பேர் எனக்கு வேண்டாம். ஆனால் மீன் பிழைப்பது தெரிய இன்னும் பத்து நாளாகும். கையெழுத்து நாளைக்கு. இரண்டாவது மாடிப் படியில் நின்று என்னை நானே நாலு வார்த்தை திட்டிக்கொண்டு மிச்சப் படியை ஏறினேன்.

அவர் மாடியில் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். பையைக் கீழே வைத்தேன்.

"என்ன இது?"

"அழுக்கு. மீன் கடையில வாங்கிட்டு வந்தேன்."

"நீ அழுக்க வாங்கிட்டு வந்தியா?" எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வந்துவிட்டார்.

"உக்காருங்க. அந்த டிரம்ம நான் ஏழு தடவ கழுவியிருக்கேன். ஒவ்வொரு புதன்கிழமையும், நீங்க அந்தப் பக்கம் போனதும்."

அவர் உட்கார்ந்தார். "எப்படிக் கழுவுன?"

"முதல்ல சும்மா தண்ணியில. அப்புறம் பிளீச்சிங்ல. அப்புறம் கொதிக்க வெச்சு."

"எவ்வளவு நேரம் கொதிக்க வெச்ச?"

"இருபது நிமிஷம்." எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த மனுஷனுக்கு எப்போதும் நிமிஷக் கணக்குத்தான். "முப்பத்தொண்ணையும் நான்தாங்க கொன்னேன். உங்க கை ஒண்ணுமே பண்ணல. அத இங்கயே இப்பவே எழுதிக்கோங்க."

நோட்டை எடுத்தார். ஒவ்வொரு புதனுக்கும் நேரே நான் சொல்லச் சொல்ல எழுதினார்: அலசல், ஊறல், கொதி. எழுதி முடித்து மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாலு மாதமாகப் பல்லையே காட்டியிராத வாய், அடக்க முடியாமல் சிரித்தது. "என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று நான் கத்தினேன், அழுகையும் வந்துவிட்டது. அவருக்கும் கண்ணில் தண்ணீர். அது எந்த இடத்தில் சிரிப்பிலிருந்து மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"திறக்கக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் கடைசியில்.

"சொன்னீங்க. சோம்பேறித்தனத்துல சொல்றீங்கன்னு நெனச்சேன். தப்புதான்."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியாம நாளைக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்திருப்பீங்க."

பம்பின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நாலு மாசமா முறுக்குனேனா முறுக்கலையான்னு என்னையே கேட்டுட்டிருந்தேன்" என்றார். "வேற யாராவது கை வெச்சாங்களான்னு ஒரு தடவகூடக் கேக்கல." அதற்குப் பிறகு இருவருமாகப் பாதித் தண்ணீரை இறைத்து ஊற்றினோம். அந்தப் பஞ்சை டிரம்மில் அவரைத்தான் போடச் சொன்னேன், எனக்கு அதைத் தொட இன்னும் மனசு வரவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனவர் இரண்டு மணிக்குத்தான் வந்தார். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நாத்தனார் வேறு வந்து உட்கார்ந்துகொண்டு, "போட்டிருப்பானா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டார். வந்தவர் செருப்பைக் கழற்றினார், சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"மேனேஜர், ஆபீஸ் ஆளுங்க, எல்லாருமா பன்னெண்டு பேர் இருந்தாங்க" என்றார். "அந்த வாரம் மெஷின் ரூமுக்குள்ள என்னைத் தவிர வேற யாரு போனீங்கன்னு கேட்டேன். யாரும் போகலன்னாங்க. சாவி வாங்கறவங்க பேர் எழுதற புத்தகத்தக் காட்டுங்கன்னேன். அந்த வாரம் மெஷின் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சப்ப அது காணாம போச்சாம்."

"பெயின்டா? யாரும் உள்ள போகலன்னு சொன்னாங்களே" என்றார் நாத்தனார். வாழ்க்கையில் ஒரு தடவை சரியான நேரத்தில் சரியான வார்த்தை.

"அதத்தான் நானும் கேட்டேன். மேனேஜர் ரெண்டு பேரப் பாத்தார், அவங்க தரையப் பாத்தாங்க. விசாரணையே நடக்கட்டும்னு எழுதிக் கொடுத்துட்டேன்." தண்ணீர் வாங்கிக் குடித்தார். "தெரியாம பண்ணிட்டேன்னு ஒருத்தர் எந்திரிச்சுச் சொல்லியிருந்தா, நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்கும் வாய் வரல. அது எவ்வளவு கஷ்டம்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது, நாத்தனார் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் விசாரணை. கூட ஒரு ஆள கூட்டிட்டு வரலாமாம்" என்றார். "நீ வர்றியா?"

லீவு கேட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.